உருது அறியாதவர்க்கும் கஜலைக் கொண்டு சேர்த்த குரல்

புது தில்லி: 2007-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் தேதி. நாடாளுமன்றத்தின் மைய மண்டபம் நிறைந்திருந்தது. 1857-ஆம் ஆண்டு எழுச்சியின் 150-ஆவது ஆண்டு நிறைவையொட்டி இரு அவைகளின் உறுப்பினர்களும் அங்கு கூடியிருந்தனர். குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், பிரதமர் மன்மோகன் சிங், மக்களவைத் தலைவர் சோம்நாத் சாட்டர்ஜி ஆகியோர் முன்னிலையில் ஒரு பாடகர் ஆர்மோனியத்துடன் அமர்ந்து, கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜஃபரின் பெயரில் வழங்கி வரும் கஜல் ஒன்றைப் பாடினார். எழுச்சி ஒடுக்கப்பட்ட பின் தில்லியிலிருந்து ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862-இல் அங்கேயே மறைந்து, அங்கேயே புதைக்கப்பட்டவர் ஜஃபர். அவரை இழந்த தலைநகரில், அரசியல் சட்டம் உருவான அதே மண்டபத்தில், அந்தக் கஜல் ஒலித்தது.

பாடியவர் ஜக்ஜீத் சிங். தில்லி தர்பாருக்கோ, லக்னௌவின் இசைக் குடும்பங்களுக்கோ அவர் வாரிசு அல்லர். உருது அவரது தாய்மொழியும் அன்று. ராஜஸ்தானின் பாலைவன எல்லையிலிருந்து வந்த பஞ்சாபி சீக்கியர் அவர். கேட்டுக் கொண்டிருந்தவர்களிலும் உருது எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் சிலராகவே இருந்திருப்பர். அந்தச் சிலரில் பிரதமர் ஒருவர். மன்மோகன் சிங் தமது ஹிந்தி உரைகளைக்கூட உருது எழுத்தில் எழுதி வைத்துப் படித்தவர். பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பள்ளிக்கல்வி உருதுவில் இருந்தது. இந்து, சீக்கியர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி அந்தத் தலைமுறை உருது படித்தது. அதற்கு அடுத்த தலைமுறைக்கு அந்த எழுத்து அந்நியமாகி விட்டது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை எண்களில் சொல்கிறது. 2001-இல் உருதுவைத் தாய்மொழியாகப் பதிவு செய்தோர் சுமார் 5.15 கோடி. நாட்டின் மக்கள்தொகை பெருகிய பத்தாண்டுகளுக்குப் பின், 2011-இல், அந்த எண்ணிக்கை 5.07 கோடியாகக் குறைந்திருந்தது. மொழியைப் படிப்போர் குறைந்து வந்த அதே காலத்தில், அம்மொழியின் தலையாய கவிதை வடிவம் மட்டும் லட்சக்கணக்கான வீடுகளில் ஒலிநாடாவாகச் சுழன்று கொண்டிருந்தது. இதற்கு வேறு எந்தத் தனி மனிதரையும்விட அதிகக் காரணமாக இருந்தவர் ஜக்ஜீத் சிங்.

கஜல் என்பது என்ன?

இரண்டிரண்டு அடிகளாக அமைந்த பாக்களின் தொடுப்பே கஜல். ஒவ்வோர் ஈரடியும் நமது குறளைப் போலத் தன்னளவில் முழுமையானது. முந்தைய ஈரடியின் பொருளை அது தொடர வேண்டியதில்லை. ஒன்று காதலைப் பேசும், அடுத்தது மதுவை, அதற்கடுத்தது இறைவனை. இவற்றை ஒன்றாகக் கட்டுவது சந்தமும், ஈரடிதோறும் இறுதியில் திரும்ப வரும் ஒரே சொல்லும், அதற்கு முன் நிற்கும் இயைபும்தான். கடைசி ஈரடியில் கவிஞர் தம் புனைபெயரைப் பொருத்துவது மரபு. தமிழில் இவ்வடிவத்தை எழுதிப் பார்த்தவர்களில் கவிக்கோ அப்துல் ரகுமான் முதன்மையானவர்.

கஜலைப் பாடுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஈரடியின் முதல் அடி ஒரு புதிரைப் போட்டு நிறுத்தும். இரண்டாம் அடி அதை அவிழ்க்கும். தேர்ந்த பாடகர் முதல் அடியைப் பல விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடி அவையின் ஆவலை ஏற்றுவார். இரண்டாம் அடி விழும்போது அவையே "வாஹ்" என்று எழும். கேட்பவர்க்கு மொழி தெரிந்திருந்தால்தான் இந்த விளையாட்டு நடக்கும். ஆகவே கஜல் நெடுங்காலம் அறிந்தோர் அவைகளுக்கு உரியதாக இருந்தது. அரசவைகள், தவாயிஃப் இல்லங்கள், பின்னர் வானொலி நிலையங்கள், திரைப்படங்கள் என அதன் இருப்பிடம் மாறி வந்தது. ஃபைசாபாதில் பிறந்த பேகம் அக்தர் இந்தியாவில் அதன் அரசியாக விளங்கினார். திரையில் தலத் மஹ்மூத் மென்குரலில் அதைப் பாடினார். 1974-இல் பேகம் அக்தர் மறைந்தபோது, கஜல் உலகின் பெரும் பெயர்கள் எல்லைக்கு அப்பால் இருந்தன. மெஹ்தி ஹசன், குலாம் அலி ஆகியோரின் ஒலிப்பதிவுகளை இங்குள்ள ரசிகர்கள் தேடிப் பெற்றனர். மெஹ்தி ஹசன் பிறந்ததும் ராஜஸ்தானில்தான் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

கங்காநகரிலிருந்து பம்பாய்க்கு

ஜக்ஜீத் சிங் 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் தேதி, அன்றைய பிக்கானேர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஸ்ரீகங்காநகரில் பிறந்தார். தந்தை அமர் சிங் அரசு ஊழியர். பூர்வீகம் பஞ்சாபின் ரோபர் மாவட்டத்துக் கிராமம். குழந்தைக்கு முதலில் இட்ட பெயர் ஜக்மோகன். சமயப் பெரியவர் ஒருவரின் சொற்படி அது ஜக்ஜீத் என மாற்றப்பட்டது. உலகை வென்றவன் என்பது அதன் பொருள்.

மகனின் இசை ஆர்வத்தைத் தந்தை தடுக்கவில்லை. பார்வையற்ற ஆசிரியரான பண்டித சகன்லால் சர்மாவிடம் சிறுவனைச் சேர்த்தார். பிறகு சேனியா மரபைச் சேர்ந்த உஸ்தாத் ஜமால் கானிடம் கயால், தும்ரி, துருபத் எனச் சுமார் ஆறு ஆண்டுகள் பயிற்சி நடந்தது. பின்னாளில் அவரை மெல்லிசைப் பாடகர் என்று எளிதாகத் தள்ளியவர்கள் இந்த ஆறு ஆண்டுகளை மறந்து விடுவதுண்டு. ஆனால் மகன் இந்திய ஆட்சிப் பணியில் சேர வேண்டும் என்பதே தந்தையின் கனவு. ஜலந்தர் டி.ஏ.வி. கல்லூரிப் படிப்பும், குருக்ஷேத்திரப் பல்கலைக்கழகத்தில் வரலாற்று முதுநிலைப் படிப்பும் அந்தக் கனவை நோக்கியே அமைந்தன. ஜலந்தர் வானொலி நிலையமோ அவரை வேறு திசைக்கு இழுத்தது.

1965-இல் வீட்டாரிடம் சொல்லாமல் அவர் பம்பாய்க்குப் புறப்பட்டார். அங்கு திருமண வீடுகளிலும் திரையுலகினரின் விருந்துகளிலும் பாடினார். விளம்பரப் பாடல்களுக்குக் குரல் கொடுத்தார். எச்.எம்.வி. நிறுவனம் ஒரு சிறிய இசைத்தட்டில் இரண்டு கஜல்களைப் பாட வாய்ப்பளித்தது. உறைக்குப் படம் எடுக்க வேண்டிய நேரத்தில் அவர் தலைப்பாகையைக் களைந்து முடியை வெட்டிக் கொண்டார். சீக்கிய இளைஞர் என்றால் நாட்டுப்புறப் பாட்டுத்தான் பாடுவார் என்ற எண்ணம் அன்று இசைத்தட்டு வணிகத்தில் ஊறிப் போயிருந்தது. கஜல் பாடுவதற்கு அவர் கொடுத்த முதல் விலை அது. சீக்கியக் குடும்பம் ஒன்றில் அந்தச் செய்தி எப்படி இறங்கியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

திரைப்படப் பின்னணிப் பாடலில் அப்போது முகமது ரஃபி, கிஷோர் குமார், முகேஷ், மன்னா டே ஆகியோர் இருந்தனர். புதியவர் ஒருவர் நுழைய இடுக்கில்லை. அடர்ந்து தாழ்ந்த அவரது குரல் அந்நாளைய கதாநாயகர்கள் எவருக்கும் பொருந்துவதாகவும் இல்லை. 1967-இல் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வங்காளப் பாடகி சித்ராவைச் சந்தித்தார். இந்தக் கனத்த குரலுடன் சேர்ந்து பாட இயலாது என்று சித்ரா முதலில் மறுத்ததாகச் சொல்லப்படுவதுண்டு. முதல் மணத்திலிருந்து விலகிய சித்ராவை ஜக்ஜீத் 1969-இல் மணந்தார். 1971-இல் மகன் விவேக் பிறந்தான்.

ஒரு இசைத்தட்டும் ஒலிநாடாவும்

1970-களின் பிற்பகுதியில் இவ்விருவரும் பாடிய 'தி அன்ஃபர்கெட்டபிள்ஸ்' என்ற நெடுநேர இசைத்தட்டு வெளியாயிற்று. திரைப்படத்தைச் சாராத இசைக்குப் பெரிய சந்தை இல்லை என்று நம்பப்பட்ட நாட்டில், ஆங்கிலத் தலைப்பிட்ட ஓர் உருதுக் கஜல் தட்டு எதிர்பாராத அளவில் விற்றது. உறையில் கணவனும் மனைவியும் புன்னகைத்தபடி இருந்தனர். அதற்கு முன் கஜல் ஒற்றைக் குரலின் கலை. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் முறை கேட்போருக்குப் புதிதாக இருந்தது.

புதுமை அதோடு நிற்கவில்லை. சாரங்கிக்குப் பதில் வயலினும் கிதாரும் வந்தன. தபலா தாளத்தைச் சிக்கலாக்காமல் பின்னால் நின்றது. பிருகாக்கள் சுருங்கின. முதல் அடியை அவர் நிதானமாக, சொற்களை உடைக்காமல், இரண்டு மூன்று முறை பாடினார். ராகத்தின் வழிகளைக் காட்டுவதைவிட, கேட்பவர் அந்த அடியின் பொருளைப் பிடித்துக் கொள்ள நேரம் தருவதே அதன் நோக்கம். எல்லாவற்றையும்விட முக்கியமானது பாடல் தேர்வு. பாரசீகச் சொற்கள் அடர்ந்த கவிதைகளை ஒதுக்கி, கடைவீதியில் பேசும் இந்துஸ்தானிக்கு நெருங்கிய கவிதைகளை எடுத்தார். சுதர்சன் ஃபாக்கிர், நிதா ஃபாஸ்லி, பஷீர் பத்ர், கதீல் ஷிஃபாயி போன்றோரின் பெயர்கள் கவியரங்குகளைத் தாண்டி நடுத்தர வகுப்பினரின் வரவேற்பறைக்கு வந்தது இவ்வாறுதான். குழந்தைப் பருவத்தைத் திருப்பித் தரும்படி கேட்கும் ஃபாக்கிரின் பாடலை உருதுவின் ஓர் எழுத்தும் அறியாதவர்கள் வட இந்தியாவெங்கும் மனப்பாடமாகச் சொல்வர்.

இந்தக் கவிஞர்களின் வாழ்க்கையிலும் அந்த மொழியின் கதை இருக்கிறது. தில்லியில் பிறந்த நிதா ஃபாஸ்லியின் பெற்றோர் பாகிஸ்தான் சென்று விட, அவர் மட்டும் இங்கேயே தங்கினார். பஷீர் பத்ரின் மீரட் வீடு 1987 கலவரத்தில் எரிக்கப்பட்டது. அவர் போபாலில் குடியேறினார். எளிய சொற்களில் இவர்கள் எழுதியவற்றின் அடியில் இத்தகைய இழப்புகள் கிடந்தன. நிதா ஃபாஸ்லியின் பாடல்களை மட்டுமே கொண்டு 1994-இல் ஜக்ஜீத் 'இன்சைட்' என்ற தொகுப்பை வெளியிட்டார்.

காலமும் அவருக்குத் துணை நின்றது. இசைத்தட்டு இயந்திரம் வசதி படைத்தோர் வீட்டுப் பொருள். 1980-களில் ஒலிநாடா மலிவாகப் பரவியபோது இசை மாணவர் விடுதிக்கும், தேநீர்க் கடைக்கும், லாரி ஓட்டுநரின் இருக்கைக்கும் சென்றது. 1981-இல் 'பிரேம் கீத்' திரைப்படத்துக்கு இசையமைத்தார். அடுத்த ஆண்டு மகேஷ் பட்டின் 'அர்த்'. கணவனால் கைவிடப்பட்ட பெண்ணின் கதையான அதில் கைஃபி ஆஸ்மியின் கவிதைகளுக்கு அவர் பயன்படுத்திய வாத்தியங்கள் மிகக் குறைவு. அதே ஆண்டு வந்த 'சாத் சாத்' படத்துக்கு இசை குல்தீப் சிங். பாடல்கள் ஜாவேத் அக்தர். குரல்கள் ஜக்ஜீத்தும் சித்ராவும். இவ்விரு படங்களின் பாடல்களும் ஒரே ஒலிநாடாவில் சேர்ந்து வந்தன. அந்த நாடா இல்லாத வீட்டை அன்றைய தில்லியில் தேட வேண்டியிருந்தது என்றால் மிகையாகத் தோன்றலாம். அந்நாளில் இளைஞராக இருந்தவர்களுக்குத் தோன்றாது.

கஜலோடு மட்டும் அவர் நிற்கவில்லை. இளவயதில் மறைந்த பஞ்சாபிக் கவிஞர் சிவ்குமார் படால்வியின் கவிதைகளுக்கு 1978-இல் உருக்கொடுத்தார். மேடைகளில் கனமான கஜல் ஒன்றை முடித்த கையோடு பஞ்சாபித் திருமணப் பாட்டைத் தொடங்கி அவையைச் சிரிக்க வைப்பார். இதைக் கண்டு முகம் சுளித்தவர்களும் உண்டு.

காலிபின் தேர்வு

முகம் சுளித்தவர்களின் வாதத்தைப் புறக்கணிப்பதற்கில்லை. கஜலின் கடினத்தைக் களைந்தபோது அதன் ஆழமும் சேர்ந்து போயிற்று என்றனர். மெஹ்தி ஹசன் ஓர் ஈரடியில் ஒரு ராகத்தையே விரித்துக் காட்டுவார். ஜக்ஜீத் தேநீர் அருந்தியபடி கேட்கத்தக்க இசையைத் தருகிறார் என்பது குற்றச்சாட்டு. அவரது வெற்றியைப் பின்பற்றி 1980-களில் வந்த கஜல் வெள்ளத்தில் தரம் குறைந்தவை பல இருந்தன. அவரது சொந்தத் தொகுப்புகளிலும் பிற்காலத்தியவை சில ஒன்றுபோல் ஒன்று ஒலிப்பவை. கிதாரும் புல்லாங்குழலும் எங்கே வரும் என்பதைக் கேட்பவரே முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.

இந்த வாதத்துக்கு அவர் அளித்த விடை 1988-இல் தூர்தர்ஷனில் வந்தது. குல்சார் இயக்கி, நசீருதீன் ஷா நடித்த 'மிர்சா காலிப்' தொடருக்கு அவர் இசையமைத்துச் சித்ராவுடன் பாடினார். காலிப் எளிய கவிஞர் அல்லர். ஆக்ராவில் 1797-இல் பிறந்து, பழைய தில்லியின் பல்லிமாரானில் வாழ்ந்து, 1857-இன் அழிவைக் கண்ணால் கண்டு, 1869-இல் மறைந்தவர். உருது வாசிப்போரே உரை தேடும் கவிதை அவருடையது. அவற்றுக்கு ஜக்ஜீத் அமைத்த மெட்டுகளில் ஆடம்பரம் இல்லை. வாத்தியங்கள் ஒதுங்கி நின்றன; குரல் மந்தர ஸ்தாயியில், ஏறக்குறையப் பேச்சாகவே ஒலித்தது. வயது முதிர்ந்த மனிதர் ஒருவர் இரவில் தனக்குத்தானே சொல்லிக் கொள்வதைப் போன்ற பாட்டு அது. எளிமைப்படுத்தும் முறையையே கடினமான கவிதைக்கும் பொருத்திக் காட்டினார். பொருள் முழுதும் விளங்காதவர்களும் அந்தச் சொற்களை நினைவில் வைத்துக் கொண்டனர். பிறகு பொருளைத் தேடிச் சென்றனர். பல்லிமாரானில் காலிப் வாழ்ந்த வீடு ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கப்பட்டு நினைவிடமானது அதற்கும் பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொடர்ந்து அலி சர்தார் ஜாஃப்ரி உருவாக்கிய 'கஹ்கஷான்' தொடரில் ஹஸ்ரத் மோஹானி, ஜிகர், ஃபிராக், மஜாஸ், ஹைதராபாதின் மக்தூம் மொஹியுதீன் ஆகிய இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர்களை அவர் பாடினார். அவரது பணியில் மிகச் சிறந்தது எது என்று கேட்டால் காலிபுக்கு அடுத்தபடி இதையே சொல்ல வேண்டும். விற்பனையில் இது முன்வரிசையில் நிற்காதது வேறு செய்தி.

1990

அந்த ஆண்டு ஜூலையில், இருபது வயது நிறையாத விவேக் பம்பாயில் நிகழ்ந்த கார் விபத்தில் மாண்டான். சித்ரா பாடுவதை நிறுத்திவிட்டார். மேடையிலும் ஒலிப்பதிவிலும் அதன்பின் அவர் குரல் கேட்கவில்லை. இருவரும் இணைந்து பாடிய கடைசித் தொகுப்பு 'சம்ஒன் சம்வேர்' அந்த ஆண்டே வெளியாயிற்று.

ஜக்ஜீத் சில மாதங்கள் ஒதுங்கியிருந்துவிட்டுத் திரும்பினார். ஒரே துயரத்துக்கு ஒரே வீட்டில் இரண்டு விடைகள். ஒருவர் இசையை விட்டதும் மற்றவர் இசையைப் பற்றிக் கொண்டதும் எது சரி என்ற கேள்விக்கு அப்பாற்பட்டவை. திரும்பி வந்தவரின் குரல் மாறியிருந்தது. முன்பிருந்த துள்ளல் குறைந்து கனம் கூடியிருந்தது. பக்திப் பாடல்களும் குருபானியும் அவரது தொகுப்புகளில் பெருகின. 1991-இல் லதா மங்கேஷ்கருடன் 'சஜ்தா' வெளிவந்தது. ஏற்கெனவே 1987-இல் அவர் வெளியிட்ட 'பியாண்ட் டைம்', இந்தியக் கலைஞர் ஒருவரின் முதல் டிஜிட்டல் பல்தட ஒலிப்பதிவு என்று குறிப்பிடப்படுகிறது. ஒலிப்பதிவின் நுட்பத்தில் அவர் காட்டிய அக்கறை கடைசி வரை குறையவில்லை.

திரைப்படங்களும் அவரைத் தேடி வந்தன. இளமையில் கதாநாயகர்களுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கப்பட்ட குரல், ஐம்பது வயதைக் கடந்தபின் பின்னணிப் பாடலுக்கு வேண்டியதாயிற்று. 1998-இல் 'துஷ்மன்', 2001-இல் 'தும் பின்'. இடையில் 1999-இல் வந்த 'சர்ஃபரோஷ்' தனித்துக் குறிப்பிடத்தக்கது. அதில் நசீருதீன் ஷா ஏற்றது, பிரிவினையில் இங்கிருந்து பாகிஸ்தான் சென்ற கஜல் பாடகரின் பாத்திரம். கலையின் மறைவில் ஆயுதம் கடத்துபவர். காலிபாக வந்த அதே நடிகருக்கு அதே குரல். நிதா ஃபாஸ்லி எழுதிய அந்தக் கஜல், படத்தின் அரசியலை மறந்தவர்களாலும் மறக்கப்படவில்லை.

தலைநகரில்

தில்லியின் அதிகார வட்டாரத்தில் அவருக்குக் கட்சி கடந்த ரசிகர்கள் இருந்தனர். பிரதமராக இருந்தபோதே அடல் பிஹாரி வாஜ்பாயியின் ஹிந்திக் கவிதைகளை 1999-இல் 'நயீ திஷா' என்ற பெயரிலும், 2002-இல் 'சம்வேதனா' என்ற பெயரிலும் அவர் இசைத் தொகுப்புகளாக்கினார். பதவியிலிருக்கும் பிரதமரின் கவிதைகளைப் பாடுவது கலைஞருக்குச் சங்கடமான பணி. மெட்டுகள் காலிப் தரத்தை எட்டின என்று சொல்ல முடியாவிட்டாலும், முகஸ்துதியாகவும் அவை ஒலிக்கவில்லை. 2003-இல் அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

விருதுகளைவிட அவர் உரக்கப் பேசியது வேறொன்றைப் பற்றி. பாட்டு விற்கும்போது கம்பெனிக்கு வருமானம், பாடகருக்குப் புகழ், எழுதிய கவிஞருக்கு ஒருமுறை கொடுத்த சிறு தொகையோடு கணக்கு முடிந்தது. இதுவே இந்திய இசை வணிகத்தின் நடைமுறையாக இருந்தது. தமது தொகுப்புகளின் வருவாயில் பாடலாசிரியர்களுக்குப் பங்களித்த முதல் இசையமைப்பாளர்களில் ஒருவராக அவர் கருதப்படுகிறார். முஷாயிராக்களின் சன்மானத்தை நம்பி வாழ்ந்த உருதுக் கவிஞர்களுக்கு அது சிறு உதவி அன்று. எளிய கவிதை வேண்டும் என்று கேட்டவர், அதை எழுதியவருக்கு உரியதையும் கொடுக்க முன்வந்தார். உருதுவைத் தம் வணிகத்துக்காக நீர்க்கச் செய்தார் என்று அவர்மேல் வழக்குரைப்போர் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

2009-இல் சித்ராவின் முதல் மணத்து மகளும் மறைந்தார். அப்போதும் ஜக்ஜீத் மேடையை விடவில்லை. எழுபது வயது நிறைந்த 2011-இல் எழுபது கச்சேரிகள் என்று திட்டமிட்டு ஊர் ஊராகப் பாடி வந்தார். செப்டம்பர் 23-ஆம் தேதி மும்பையில் குலாம் அலியுடன் சேர்ந்து பாடுவதாக இருந்தது. ஒரு காலத்தில் எந்தக் குரல்களோடு ஒப்பிட்டு அவரைக் குறைத்து மதிப்பிட்டார்களோ, அவற்றில் ஒன்றின் பக்கத்தில் அமரவிருந்த மாலை. அன்றே மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நினைவு திரும்பாமலே அக்டோபர் 10-ஆம் தேதி காலமானார்.

2014 பிப்ரவரியில் அவரது பிறந்த நாளன்று நினைவு அஞ்சல் தலையைத் தில்லியில் வெளியிட்டவர், மைய மண்டபத்தில் அவரைக் கேட்ட மன்மோகன் சிங்தான். அதற்கடுத்த ஆண்டு தலைநகரில் தொடங்கிய 'ஜஷ்ன்-எ-ரேக்தா' உருதுத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் இளைஞர்கள் திரள்கின்றனர். அவர்களில் பலர் காலிபை தேவநாகரியிலோ ரோமன் எழுத்திலோ வாசிப்பவர்கள். அதற்கு முன்பே காதால் கேட்டிருந்தவர்கள். எழுத்தை இழந்த மொழி எவ்வளவு காலம் பாட்டில் மட்டும் வாழ முடியும் என்று உருது அறிஞர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கவலைக்கு ஒரு பாடகர் பொறுப்பாளி ஆக முடியாது. பள்ளிகளும் அரசுகளும் கைவிட்ட இடத்தில் அவர் ஆர்மோனியத்தை வைத்துக் கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவே.

கவிஞர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் உரிமைத்தொகையில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கை உறுதி செய்யும் காப்புரிமைச் சட்டத் திருத்தம் 2012-ஆம் ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 'சாத் சாத்' பாடல்களை எழுதிய ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக அதற்காகப் பேசினார். ஜக்ஜீத் சிங் மறைந்து அப்போது ஏழு மாதங்கள் ஆகியிருந்தன.